முழத்துக்கு ஒரு விரல்

போடியில் முதன்முதலாக ஆகாய விமானம் கட்டியது எங்கள் வீட்டில்தான். இதை நான் சொல்லும்போதெல்லாம் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். சிரிக்கட்டும். ஜெர்மன் சண்டை என்று நாங்கள் சொன்ன அந்தப் பெரிய போர் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஊருக்கு அப்போது ரயில்கூட வரவில்லை. அப்படிப்பட்ட ஊரில், ஏலக்காய்க் கிட்டங்கியில் உட்கார்ந்து, இரண்டு அடுக்கு இறக்கை வைத்த சண்டை விமானம் ஒன்றைக் கட்டி, வர்ணம் பூசி, அய்யனார் கோயிலில் கொண்டுபோய் நிறுத்தினோம். அளவு முழத்துக்கு ஒரு விரல். நிஜ விமானத்தில் ஒரு முழம் இருப்பது எங்கள் விமானத்தில் ஒரு விரல் அகலம் இருக்கும். கணக்குப் பிசகாமல் செய்தோம். பிசகியது வேறு இடத்தில்.

இதைச் சித்தப்பாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்களுக்குச் சிலமலைப் பக்கம் வயலும் மலைமேல் கொஞ்சம் ஏலத்தோட்டமும் இருந்தன. காய் கோவேறு கழுதைகளின் முதுகில் இறங்கி வந்து வீட்டுக்குப் பின்னால் சரக்கு வைக்கிற கிட்டங்கியில் சேரும். பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். பிரித்த காயைச் சாக்கில் போட்டு வாயைத் தைப்பதற்கு ஓர் ஆள் உண்டு. சித்தப்பா அந்த ஆளை எழுப்பிவிட்டு, கோணி ஊசியை வாங்கிக்கொண்டு தானே தைக்க உட்கார்ந்துவிடுவார். அதில் அவருக்கு அப்படியொரு ஆசை. அவர் தைத்த சாக்கில் ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவில் ஒரு நெல் நீளம்கூட வித்தியாசம் இருக்காது. அப்பாவை நாங்கள் அய்யா என்று கூப்பிடுவோம். அய்யாவுக்குத் தம்பியின் இந்தச் சோலி கட்டோடு பிடிக்காது. பத்துப் பேருக்குச் சோறு போடுகிற வீட்டுப் பிள்ளை கூலிக்காரன் ஊசியைப் பிடிக்கலாமா என்று குதிப்பார்.

சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி அப்போது ஐந்து மாதம்கூட ஆகவில்லை. சித்திக்குப் பதினேழு வயது இருக்கலாம், எனக்கு ஒன்பது. அவள் சிலமலைக்காரி. அவளுடைய தகப்பனார் பருத்தி மூட்டை கட்டி அனுப்புகிறவர். ஒரு நாள் சித்தப்பா சாக்குத் தைப்பதை வந்து பார்த்தவள், தையலெல்லாம் நன்றாக இருக்கிறது, கடைசியில் போடுகிற முடிச்சுத்தான் சரியில்லை என்றாள். அவர் கையிலிருந்து நூலை வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, அடியில் விட்டு எடுத்து, இரண்டாம் சுற்றில் பூட்டினாள்.

"இப்ப இழுத்துப் பாருங்க" என்றாள்.

அவர் இழுத்தார். சாக்கு கிழிந்தது, முடிச்சு அசையவில்லை. இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள். நான் பக்கத்தில்தான் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு முடிச்சுக்கு இவ்வளவு சிரிப்பா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த மாதம் வெளியூர் வியாபாரிகள் சரக்குப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் கண்முன்னால் சித்தப்பா சம்மணம் போட்டுச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். அய்யாவுக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று.

"சாக்குத் தைக்கத்தான் பொறந்தேன்னா எங்கயாச்சும் போயித் தைடா. இந்த வீட்ல தைக்காத" என்றார்.

சித்தப்பா ஊசியை அந்தச் சாக்கிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து போனார். மூன்றாம் நாள் அவர் வீட்டில் இல்லை. மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கோவேறு கழுதை ஓட்டத் தெரிந்தவர்களைப் பட்டாளத்துக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மதுரையில் போய்ச் சேர்ந்து, கப்பலேறி அரபு தேசத்துப் பஸ்ராவுக்கே போய்விட்டார். சித்தியிடமாவது சொல்லிக்கொண்டு போனாரா என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. ஊசி குத்தியிருந்த அந்தச் சாக்கை மட்டும் அய்யா விற்கவே இல்லை. ஏன் என்று கேட்டால் காய் மட்டம் என்பார்.

அந்தக் காலத்தில் கடிதம் வீட்டுப் பெரியவரின் பேருக்குத்தான் வரும். கூடத்தில் எல்லோரும் இருக்க உரக்க வாசிக்க வேண்டும். அண்ணனுக்கு எழுதுகிற கடிதத்தில் பெண்டாட்டி சுகமா என்று ஒருவன் கேட்டுவிட்டால் அதைவிட வெட்கக்கேடு கிடையாது. பெண்டாட்டியானவள் அடுப்படி நிலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, 'வீட்டில் அனைவரும் சுகமா' என்று வருகிற ஒற்றை வரியில் தன் பங்கை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அய்யாவுக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டால் கிழவன் என்பார்கள் என்று போடமாட்டார். என் தம்பிகள் இரண்டு பேரும் சின்னப் பையன்கள். மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்திருந்த நான்தான் வீட்டின் ஆஸ்தான வாசகி. கடிதம் வந்தால் அன்றைக்கு எனக்கு இருந்த மதிப்பு வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது.

பஸ்ராவில் சித்தப்பா ஒரு கழுதைச் சேணத்தைத் தைத்ததை யாரோ துரை பார்த்திருக்கிறார். இந்தக் கை கழுதைக்குப் பின்னால் போகிற கை இல்லை என்று விமானக் கொட்டகைக்கு மாற்றிவிட்டாராம். விமானத்தின் இறக்கை மரச்சட்டத்தின்மேல் இழுத்துப் போர்த்திய துணிதான் என்றும், அந்தத் துணியைத் தைப்பதே தன் வேலை என்றும் எழுதியிருந்தார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கை, பதினேழு முழ நீளம், பதிமூன்று முழ உடம்பு. கூடத்தில் ஒருவரும் நம்பவில்லை. இரண்டு அடுக்கு இறக்கை எந்தப் பட்சிக்கு இருக்கிறது என்று அய்யா கேட்டார்.

அந்தக் கடிதங்களில் பாதி இடம் கறுப்பு மை பூசி அழித்திருக்கும். விமானம் எங்கே போயிற்று, எதைச் சுட்டது என்கிற சமாச்சாரத்தையெல்லாம் அழித்துவிட்டு, தையலைப் பற்றி எழுதியதை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள். தையலால் ராஜாங்கத்துக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது? சித்தப்பாவோ தையலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தார். எனக்குச் சண்டை வேண்டும். அய்யாவுக்கும் சண்டைதான் வேண்டும். மறுநாள் கடைவீதியில் சொல்ல வேண்டுமே. ஆகவே தையல் வந்த இடமெல்லாம் தாவிவிட்டேன். கறுப்பு மை வந்த இடத்தில் நானே சண்டை போட்டேன். விமானத்துக்கு மூக்கில் கருடனைப் போல அலகு உண்டு, அதன் வழியாகக் குண்டு கக்கும் என்றெல்லாம் நிறுத்தாமல் வாசிப்பேன். கையில் தாள் இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. அய்யா தொடையைத் தட்டுவார். நிலைக்குப் பின்னால் சித்தியின் சேலை முந்தி தெரியும். கடிதம் முடிந்ததும் அது உள்ளே போய்விடும்.

இப்படிப் பதினொரு கடிதம் வந்தது. ஆடியோடு நின்றது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்று மாதமும் தபால்காரர் எங்கள் வாசலைப் பார்க்காமல் தாண்டிப் போனார்.

அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. காய் பொறுக்க வருகிற பெண்கள் சித்தியின் காதில் விழட்டும் என்றே பேசினார்கள். ஒன்றரை வருசமாகப் பக்கம் பக்கமாக எழுதுகிறவன், அவள் இருக்கிறாளா இல்லையா என்று கோடிகூடக் காட்டவில்லையே என்றார்கள். கெட்டிக்காரன் கடிதத்தில் எப்படியாவது ஒரு வார்த்தையைச் செருகிவிடுவான், இவனுக்கு மனசில்லை என்றார்கள். இது சிலமலைக்கும் எட்டியது. சித்தியின் தகப்பனார் வந்து அய்யாவுக்கு எதிரே உட்கார்ந்து, தன் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். கூட்டிக்கொண்டு போனால் போனதுதான். அப்படிப் போன பெண் திரும்பி வந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை.

என் தாயாரை ஆத்தா என்போம். ஆத்தாதான் குறுக்கே விழுந்தாள்.

"கொழுந்தனுக்காக அய்யனாருக்கு உருவாரம் நேந்திருக்கேன். அது முடியிற வரைக்கும் புள்ள இங்க இருக்கட்டும், மாமா" என்றாள்.

உண்மையில் அந்த நிமிஷம்தான் நேர்ந்தாள் என்று எனக்குத் தெரியும். கன்றுக்குட்டி பிழைக்க வேண்டும் என்றால் மண்ணில் கன்றுக்குட்டி செய்து வைப்பார்கள். கண் நோவென்றால் கண். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பிள்ளை. அதைத்தான் உருவாரம் என்போம். அதைச் செய்வதற்கும் சாமிக்கு முன்னால் வைப்பதற்கும் மலையடிவாரத்தில் ஒரு வேளார் இருந்தார். பானை வனைகிறவரும் அவர்தான், பூசாரியும் அவர்தான். அய்யா அவரைக் கூப்பிட்டு ஓர் ஆள் உருவம் செய்யச் சொன்னார். வேளார் தலையை ஆட்டினார்.

"ஆளு சொகமாத்தான இருக்காரு? அவரு எத நம்பி அங்க இருக்காரோ அது பத்திரமா இருந்தாத்தான் அவரு பத்திரம். அந்தப் பறக்குற வண்டியச் செஞ்சு வைங்க" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. வேளார் விமானம் என்ற ஒன்றைப் பார்த்ததில்லை. நான் வாசித்த கடிதத்தை வைத்துக் களிமண்ணில் பிசைந்தார். முதல் விமானத்தின் மேல் இறக்கை காய்வதற்குள் கீழ் இறக்கையில் படுத்துக்கொண்டது. இரண்டாவது சூளையில் வெடித்தது. மூன்றாவது மாட்டுக்கொட்டிலைப் போல வந்தது. களிமண் பறக்கிற சோலிக்கு வராது என்று வேளார் கையைக் கழுவிவிட்டார்.

அப்போதுதான் அடுப்படியிலிருந்து சித்தி ஆத்தாவிடம் சொன்னாள், கூடத்துக்கும் கேட்கும்படி.

"ஈத்தையில கட்டிரலாம்க்கா. துணி போத்தித் தச்சா, அவுக அங்க செய்யிற மாதிரியே வந்துரும்."

ஈத்தை மலையில் விளைகிற மெல்லிய மூங்கில் ஜாதி. எங்கள் பக்கத்துக் கூடை முறமெல்லாம் அதில்தான் முடைவார்கள். மறுநாளே கழுதைக்காரர்கள் ஒரு கட்டு ஈத்தை கொண்டுவந்து போட்டார்கள். நானும் சித்தியும் கிட்டங்கியின் மூலையில் உட்கார்ந்தோம். முழத்துக்கு ஒரு விரல் என்று அய்யாதான் அளவு வைத்தார். யாருடைய விரல் என்று சொல்லவில்லை. வலது இறக்கையைச் சித்தி தன் விரலால் அளந்து கட்டினாள். இடது இறக்கையை நான் என் விரலால் அளந்து கட்டினேன். சேர்த்து நிறுத்தினால் விமானம் ஒரு பக்கம் சரிந்து படுத்தது. அய்யா பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஒரு விரல்தான் அளவு என்று தன் ஆள்காட்டி விரலை நீட்டினார். அதன் அகலத்தைப் பனையோலையில் பதினேழு தரம் குறித்துவைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தோம்.

சித்தியின் கை வேலை செய்கிற கை. ஈத்தையை நரம்பு போலக் கிழிப்பாள். இறக்கைக்குள் வரிசையாக விலா எலும்பு வைத்தாள். நூல்கண்டுக் கட்டையை அறுத்து இரண்டு சக்கரம் செய்தாள். மூக்கில் சுற்றுகிற விசிறியைக் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கினாள். வாயால் ஊதினால் சுற்றும். நான் ஊதி ஊதித் தலை சுற்றி விழுந்தேன். அலகு வேண்டும் என்று அய்யா ஞாபகப்படுத்தியதால் அதையும் செதுக்கி ஒட்டினாள். எனக்கு உள்ளூரக் குறுகுறுத்தது. சொல்லவில்லை.

துணிக்குச் சித்தப்பாவின் பெட்டியைத் திறந்து, அவருடைய கல்யாணத்து மல் வேட்டியை எடுத்து வந்தாள்.  வேட்டியை வெட்டி இறக்கைமேல் போர்த்திப் புளியங்கொட்டைப் பசை காய்ச்சிப் பூசினால் முரசுத்தோல் மாதிரி விறைத்து நிற்கும் என்று முடிவாயிற்று. அந்த இடத்தில் நான் குறுக்கே புகுந்தேன். விமானத்துக்குப் பூசுகிற பசை பழுத்த வாழைப்பழம்போல மணக்கும் என்று சித்தப்பா எழுதியிருந்தது, தின்கிற சமாச்சாரம் என்பதால் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"அப்ப ரெண்டு பழத்த மசிச்சுப் போட வேண்டியதுதான்" என்றாள் ஆத்தா. "சாமி காரியம். உள்ளது உள்ளபடி இருக்கணும்."

நாழிப்பூவன் பழம் இரண்டைப் பசையில் மசித்துப் பூசினோம். கிட்டங்கி முழுக்க ஏலக்காய் வாசனையையும் மீறிக்கொண்டு பழ வாசனை வந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் விமானம் கறுப்பாக இருந்தது. கிட்ட போனதும் அந்தக் கறுப்பு நகர்ந்தது. மலையடிவாரத்து எறும்பு ஒன்று பாக்கியில்லாமல் இறக்கையில் ஏறியிருந்தது. துணியில் கொத்துக் கொத்தாக ஓட்டை.

நான் ஓவென்று அழுதேன். சித்தி அழவில்லை. அவளுக்கு மிச்சம் இருந்த நாள் ஆறு. கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை உருவாரம் எடுப்பதென்று குறித்திருந்தார்கள்; அன்றைக்கே அவள் தகப்பனார் வண்டி கொண்டுவருவதாக ஏற்பாடு. அவள் துணியை உரித்துப் போட்டுவிட்டு என்னைக் கிட்ட உட்கார வைத்தாள்.

"ஏ புள்ள, பசைய மட்டும் நம்பியா அவ்வளவு ஒசரத்துல பறக்குறாக? துணிய எலும்போட எப்பிடிச் சேக்குறாகன்னு நீ வாசிச்சதுல வரவே இல்லையே."

"இருக்கு சித்தி. தையல் பத்தி நெறைய இருக்கு. நாந்தான் வாசிக்கல."

"ஏன்?"

"நல்லா இல்ல."

அவள் என் கையைப் பிடித்து எழுப்பினாள். பிறகு அந்தக் கடிதங்களை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். அய்யா வயலுக்குப் போயிருந்தார். பெட்டியிலிருந்து கட்டோடு எடுத்து வந்தேன். ஒரு எழுத்து விடாமல் வாசி என்றாள். நானும் நல்ல பிள்ளையாக வாசித்தேன். பழம் வந்த இடத்தில், அடுத்த வரியிலேயே, 'ஆனால் அதில் பழம் ஏதும் சேர்க்கவில்லை, அது ஏதோ மருந்து வாசனை' என்று இருந்தது. அதற்குச் சித்தி என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தாள். பிறகு தையல் வந்தது.

'அண்ணே, இறக்கைத் துணியை உள்ளே இருக்கும் சட்டத்தோடு சேர்த்துத் தைக்கிறோம். இங்கே துரைமார் காட்டிய முடிச்சுக் காற்றில் தளர்ந்துபோகிறது. நான் நம் வீட்டுக் கிட்டங்கியில் கற்ற முடிச்சைப் போட்டேன். இழுத்துப் பார்த்தார்கள். துணிதான் கிழிந்தது. இப்போது எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். யார் காட்டியது என்று கேட்டார்கள். ஊரில் கற்றது என்று சொன்னேன்.'

சித்தி மடியில் வைத்திருந்த ஈத்தை கீழே விழுந்தது.

அடுத்த கடிதத்தை எடுத்தேன். 'ஒரு விமானத்துக்கு நானூறு முடிச்சுக்குமேல் போகிறது. ஒவ்வொரு முடிச்சுக்கும் நம் கிட்டங்கி ஞாபகம்தான்.' அதற்கு அடுத்ததில், 'இன்றைக்கு இறக்கை கிழிந்து வந்த விமானத்தில்கூட அந்த முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. அன்றைக்குச் சொல்லாமல் கிளம்பியது தப்பு. முடிச்சுப் போடும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்கிறேன்.' பாக்கிக் கடிதங்களிலும் இதே பாட்டுத்தான். முடிச்சு, முடிச்சு, முடிச்சு. நான் தாவியதில் என்ன தப்பு என்று எனக்குத் தோன்றியது.

"மொதல்ல இருந்து வாசி" என்றாள் சித்தி.

வாசித்தேன். மறுபடி என்றாள். மறுபடி வாசித்தேன். நாலாவது தடவையில் எனக்குத் தொண்டை காய்ந்து கோபம் வந்துவிட்டது.

"அந்த முடிச்சுத்தான் ஒனக்கே தெரியுமே சித்தி! நீதான அவருக்குச் சொல்லிக் குடுத்த? தெரிஞ்சத எதுக்குத் திரும்பத் திரும்பக் கேக்குற?"

"தெரியும்டி" என்றாள். "நீ வாசி."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. ஏலக்காய்த் தூசி சிலருக்கு ஆகாது. தும்மலை அடக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு வாசித்து முடித்தேன். முடிந்ததும் அய்யாவிடம் சொல்லாதே சித்தி என்று கெஞ்சினேன். அலகு நான் இட்டுக் கட்டியது என்பதையும் அப்போதே ஒப்புக்கொண்டேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே என்றாள். அலகு இருந்துவிட்டுப் போகட்டும், அய்யனார் கோபித்துக்கொள்ளமாட்டார் என்றாள். எனக்கு அடி தப்பிய சந்தோஷத்தில் வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அதன்பிறகு அவள் தைத்த தையலைப் போல நான் யாரிடமும் பார்த்ததில்லை. ஒவ்வொரு விலா எலும்புக்கும் துணியைச் சேர்த்து, அரை விரலுக்கு ஒரு முடிச்சு. பட்டு நூலில், கண்ணுக்குத் தெரிகிறதோ இல்லையோ என்கிற சின்ன முடிச்சு. நாள் முழுக்க அதே வேலை. சாப்பிடக் கூப்பிட்டால் இந்த இறக்கை முடியட்டும் என்பாள். ஓரகத்திக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று ஆத்தா பயந்தாள். அவள் தைக்கும்போது வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தாள். மறுநாள் உற்றுக் கேட்டேன். நான் வாசித்த கடிதத்தை அட்சரம் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வர்ணம் என் பொறுப்பு. இறக்கைக்கு மேல்பக்கம் பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், அடிப்பக்கம் வெறும் துணி, இறக்கைக்கு ஒன்றாக மூன்று அடுக்கு வட்டம் என்று கடிதத்தில் இருந்தது. இந்தத் தடவை வரி விடாமல் பார்த்துக்கொண்டேன். மஞ்சளில் நீலத்தைக் கலந்து பச்சையாக்கி, காவி சேர்த்துப் பழுப்பாக்கினேன். வட்டத்துக்கு வெளியே நீலம், நடுவில் சுண்ணாம்பு வெள்ளை, உள்ளே குங்குமச் சிவப்பு. சுண்ணாம்பு எங்கே மஞ்சளில் பட்டதோ அங்கெல்லாம் சிவந்து வழிந்தது. ரத்தம் மாதிரி இருக்கிறதே என்று நான் நடுங்கினேன். ஆத்தா வந்து பார்த்தாள்.

"போடி கூறுகெட்டவளே. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா ஆரத்திடி. சாமி தானே ஆரத்தி எடுத்துக்கிருச்சு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் விமானத்தை ஒரு தாம்பாளத்தில் வைத்து, மாலை போட்டு, மேளத்தோடு எடுத்துப் போனோம். வழியில் பார்த்தவர்கள் இது எந்தச் சாமியின் வாகனம் என்று கேட்டார்கள். அய்யா ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கியதில் கோயில் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. வேளார் அதை மண்குதிரைகளுக்கு நடுவில், ஓட்டுக் கூரைக்குக் கீழே மழை படாத இடமாகப் பார்த்து நிறுத்தினார். குதிரைகளின் முழங்கால் உயரம்தான் இருந்தது. ஆனாலும் புறப்படத் தயாராக இருப்பது அது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

கோயில் வாசலில் சிலமலை வண்டி நின்றுகொண்டிருந்தது. சித்தியின் தகப்பனார் இறங்கி வந்து, வண்டியில ஏறுத்தா என்றார். சித்தி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

"நான் வரல, அப்பு. அவுக வந்து பாக்கையில நான் இங்கதான் இருக்கணும்."

"ஒரு வார்த்த எழுதாதவனுக்காகவா?"

"எழுதலன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மேளக்காரரைப் பார்த்தேன். வண்டி காலியாகத் திரும்பிப் போயிற்று.

மார்கழியில் கடிதம் வந்தது. சித்தப்பா காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். வேளாருக்கு அய்யா புது வேட்டி எடுத்துக் கொடுத்தார். அந்தக் கடிதத்தையும் அதற்குப் பின்னால் வந்தவற்றையும் நான் ஒரு புள்ளி விடாமல் வாசித்தேன். இவன் என்ன திடீரென்று இவ்வளவு தையலைப் பற்றி எழுதுகிறான் என்று அய்யா கொட்டாவி விட்டார். நிலைக்குப் பின்னால் தெரிந்த முந்தி, கடிதம் முடிந்தபிறகும் அங்கேயே நின்றது.

சண்டை ஓய்ந்து, அடுத்த வருஷம் சித்தப்பா வந்தார். கறுத்து, இளைத்து, காதோரம் நரைத்து வந்தார்.  அய்யா தம்பியின் கையைப் பிடித்துக் கிட்டங்கிக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்த விற்காத சாக்கைக் காட்டினார். ஊசி துருப்பிடித்து அப்படியே குத்தியிருந்தது. இரண்டு பேரும் அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் பொங்கல் வைக்க எல்லோரும் கோயிலுக்குப் போனோம். சித்தப்பா மண்குதிரைகளுக்கு நடுவில் விமானத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"எல்லாஞ் சரியா இருக்கே! இந்த அலகு எப்பண்ணே மொளச்சது?"

"நீதானடா எழுதுன, அலகுலதான் குண்டு வருதுன்னு?" என்றார் அய்யா.

"நானா?"

நான் குதிரைக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். சித்தப்பா அதற்குள் விமானத்தைக் கையில் எடுத்துத் திருப்பியிருந்தார். நான் மூன்று நாள் பாடுபட்டுப் போட்ட வட்டங்களை அவர் பார்க்கவே இல்லை. அடிப்பக்கத்தில், யாரும் பார்க்காத இடத்தில், வெறும் துணியில் இருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனார். கடைசி முடிச்சில் விரலை நிறுத்தி, தலை நிமிராமலே என்னைக் கேட்டார்.

"என் கடுதாசியெல்லாம் நீதான வாசிச்ச?"

"ஆமா சித்தப்பா."

"முழுசா வாசிச்சியா? மொதக் கடுதாசியில இருந்து? ஒரு எழுத்து விடாமலா?"

அது கோபமான குரல் இல்லை. பயந்த குரல். சண்டைக்குப் போய்வந்த மனிதர் இதற்கு எதற்காகப் பயப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.  அய்யாவின் கண் என்மேல் இருந்தது. அப்போது ஆத்தாவுக்குப் பின்னாலிருந்து, அய்யா இருக்கிற இடத்தில் அதுவரை நேரே பேசியறியாத சித்தி பேசினாள்.

"மொத நாள்ல இருந்து ஒரு எழுத்து விடாமத்தான் வாசிச்சா. ஒவ்வொரு கடுதாசியும் நான் நின்னு கேட்டேன். அலகு நாந்தான் ஆசப்பட்டு வச்சேன்."

சித்தப்பா அவளைப் பார்த்தார். பிறகு விமானத்தைக் குதிரைகளுக்கு நடுவில் பழைய இடத்திலேயே, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல வைத்தார். பொங்கல் பொங்கிவிட்டது, வெரசா வாங்க என்று ஆத்தா கூப்பிட்டாள். நான் எல்லோருக்கும் முன்னால் ஓடினேன். சித்தியைப் போல நல்லவள் உலகத்தில் கிடையாது, எனக்காகச் சாமிக்கு முன்னாலேயே பொய் சொன்னாளே என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். அந்தப் பொய்யால் அவள் காப்பாற்றியது என்னை மட்டும்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.